வருஷத்துக்கு மேலே ஓர் எழுத்து

ஒரு ரூபாய்க் காசைத் தேடி காஞ்சனா பீரோவின் எல்லாத் தட்டுகளையும் கலைத்துவிட்டாள். கிடைக்கவில்லை. பால்காரர், மாவுக்கடை, கீரைக்காரி என்று எல்லோருக்கும் போனிலேயே பணம் போட்டுப் பழகிய வீட்டில் சில்லறைக்கு எங்கே போவது? கூடத்தில் அவள் மாமனார் ஏகாம்பரநாதன் பெஞ்சின்மேல் கிடந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையைச் சுற்றி வேட்டித்துணியால் முடிச்சுப் போட்டு, நெற்றியில் சந்தனமும் குழைத்து அப்பியாயிற்று. அது காய்வதற்குள் காசை ஒட்டவேண்டும்.

"இன்னா காஞ்சனா, ஒரு காசு எடுக்கறதுக்கு கண்ணாலப் பொடவ எடுக்கற மாதிரி நேரம் பண்ற?" என்று எதிர்வீட்டு சொர்ணம்மாள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். வல்லம் வடகால் ஊரில், அந்தத் தெருவில் யார் செத்தாலும் முதல் ஆளாக வந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்பவள் அவள்தான்.

பீரோவின் உள்ளறையில் ஒரு குங்கும டப்பா இருந்தது. அதற்குள் ஒரு காசு இருக்கத்தான் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்த காஞ்சனா அதே வேகத்தில் மூடிவிட்டாள். அது வெள்ளைக்காரன் காலத்துப் பவுன் காசு. இன்றைக்கு அதைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை.

மாடி அறையில் குடியிருக்கும் மாரிசெல்வி அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வாசற்படியில் நின்றவள், விஷயம் தெரிந்ததும் பையைத் துழாவி ஒரு காசை நீட்டினாள்.

"அக்கா, எங்கிட்ட அஞ்சு ரூவாதான் கெடக்கு. இது ஆகுமா?"

"ஏன் ஆவாது? அவரு இன்னா மீதி நாலு ரூபாயத் திருப்பிக் குடுக்கப் போறாரா?" என்று சொல்லி சொர்ணம்மாளே அதை வாங்கிச் சந்தனத்தில் பதித்தாள். மஞ்சள் நிற அஞ்சு ரூபாய். குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

காசு விஷயம் ஒரு வழியாக முடிந்தது என்றால் கண் விஷயம் முடியவில்லை. வலது கண் தூங்குகிறவர் கண்போல மூடியிருக்க, இடது கண் மட்டும் பாதி திறந்தே நின்றது. சொர்ணம்மாள் இமையை இழுத்துப் பிடித்தாள். கையை எடுத்ததும் அது மெதுவாகத் திறந்துகொண்டது. காஞ்சனாவும் அழுத்திப் பார்த்தாள். விரலுக்கடியில் இமை ஜில்லென்று நகர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"மவளத் தேடறாரு. உமா வந்தா தானா மூடிக்கும்," என்றாள் சொர்ணம்மாள்.

அவர் மகளைத் தேடவில்லை என்று காஞ்சனாவுக்குத் தெரியும். அவருக்கு ஆபரேஷன் செய்த கண் அது. அந்தக் கண்ணால்தான் எல்லாம் வந்தது.

குங்கும டப்பாவில் இருந்திருக்கவேண்டிய காசு ஒரு காலத்தில் ஏகாம்பரநாதனின் அம்மா தாலியில் கோத்திருந்தது. ஒரு பக்கம் தாடி வைத்த ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவன், குதிரையின் காலடியில் அவன் வெட்ட வருகிற பாம்பு மாதிரி ஒரு மிருகம். அதற்கு அடியில் தரையைக் காட்டுகிற ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 1918 என்று வருஷம். வருஷத்துக்கு நேர் மேலே, அந்தத் தரையிலேயே, கடுகில் பாதி அளவுக்கு ஓர் எழுத்து. குச்சியை நட்டுவைத்த மாதிரி ஒற்றைக் கோடாக ஆங்கில 'ஐ'. காஞ்சிபுரத்தில் ஒரு நகைக்கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது பம்பாயில் அடித்த காசு என்று சொல்லியிருக்கிறார். சீமையில் அடித்த காசுக்கு அந்த இடத்தில் எழுத்தே இருக்காதாம். ஆஸ்திரேலியாவில் அடித்ததற்கு வேறே எழுத்தாம். பம்பாயில் அந்த ஒரே வருஷம்தான் அடித்தார்களாம். எல்லாம் எடை ஒன்று, தங்கம் ஒன்று. விற்கப் போனால் தராசு எழுத்தையா பார்க்கப் போகிறது? ஆனால் ஏகாம்பரநாதனுக்கு அந்த எழுத்துதான் காசு. அவர் அம்மா கழுத்தில் அவர் சின்ன வயசில் தடவித் தடவிப் பார்த்த எழுத்து.

கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம்போல அவருக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பிறகு இலவச முகாமில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், மகன் முகத்தைப் பார்த்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார், சுவரில் மனைவியின் படத்தைப் பார்த்தார். அடுத்ததாக அந்தக் காசைக் கேட்டார். காஞ்சனாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி வெகு நேரம் பார்த்தார். "இது நம்ம காசு இல்ல," என்றார்.

"எழுத்து கீதே மாமா," என்று ஓரத்தில் பொடியாக இருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டினாள் அவள்.

"அது எல்லாக் காசுலயும் கீது. அச்சு செதுக்கினவன் பேரு. நடுவுல பாரும்மா. வருஷத்துக்கு மேல."

நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் தரை.

பீரோ சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கணவன் விமல்ராஜ் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போனால் ஓ.டி. முடித்து இருட்டித்தான் வருவான். அதே மாசம் பார்த்து மணிமங்கலத்தில் அவள் தம்பி வரதன் லோன் போட்டு ஒரு புது பைக் எடுத்திருந்தான். காசு மாறிய சேதி எப்படியோ தெருவுக்குக் கசிந்திருந்தது; ஊர் வாய்க்கு இது போதாதா? பிள்ளையும் இல்லாதவள், யாருக்குச் சேர்த்து வைப்பாள், அம்மா வீட்டுக்குத்தான் என்று பேச்சு வந்தது. யாரும் நேருக்கு நேர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வரதன் விஷயத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்கா வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. மாம்பழம், பலாச்சுளை என்று எதைக் கொண்டுவந்தாலும் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

மாமனாரும் அவளைத் திருடி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் கொடுமை. காலையில் காப்பி குடித்து முடித்ததும் பின்னறையிலிருந்து அவர் குரல் வரும்.

"காஞ்சனா, கொண்டா, பாக்கலாம்."

டப்பாவைக் கொண்டுபோவாள். அவர் காசை எடுத்து அவள் உள்ளங்கையில் குதிரைப் பக்கம் மேலாக வைப்பார்.

"நடுவுல பாரு. கீதா?"

"இல்ல மாமா."

"சரி. வெய்யி."

கோபம் கிடையாது, திட்டு கிடையாது. தினமும் இதே. காய்ச்சல் வந்தாலும் இதே, பொங்கலானாலும் இதே. அந்த வெறும் இடத்தை அவள் பார்த்த மாதிரி தன் முகத்தைக்கூடக் கண்ணாடியில் பார்த்ததில்லை. கனவில் குதிரை வரும். அதன் காலடியில் குனிந்து அவள் தேடிக்கொண்டே இருப்பாள். கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து 'கொண்டா' என்றால் உடம்பு தூக்கிவாரிப் போடும். விமல்ராஜிடம் சொல்லி அழுதால், "வயசானவரு. வுடு காஞ்சனா," என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மாற்றிச் சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் சொன்னாள்.

மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். விமல்ராஜ் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தான். ஏகாம்பரநாதன் அந்த நிலையிலும் கையை நீட்டினார். டப்பா வந்தது. காசைப் பிடிக்கவே விரல்களுக்கு வலு இல்லை. "நடுவுல... கீதா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சு ஏறி இறங்கியது. காஞ்சனாவுக்கு மனசு இளகிவிட்டது. போகிற உயிர், நிம்மதியாகப் போகட்டுமே என்று நினைத்தாள்.

"கீது மாமா. நல்லா தெரியுது. நடுவுலயே கீது."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்தக் கண் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"திருப்பி வெச்சிட்டியா. நல்லாரு. போனாப் போவுது... நான் யாருகிட்டயும் சொல்லல."

இல்லை மாமா என்று அவள் சொல்ல வருவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. செய்யாத திருட்டுக்கு அவளை மன்னித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி வந்து அவரை அதற்குள் வைத்தார்கள். பெட்டியின் மோட்டார் விடாமல் இரைந்தது. கண்ணாடிமேல் நீர் பூத்தது. துணியால் துடைக்கும் வேலை காஞ்சனாவுக்கு வந்து சேர்ந்தது. துடைக்கத் துடைக்க அந்தக் கண் தெரிந்தது. மோட்டார் இரைச்சலுக்குள் 'திருப்பி வெச்சிட்டியா' என்று கேட்டது. அவள் துணியைக் கீழே வைத்தாள். மறுபடி கண்ணாடி மூடிக்கொண்டது. மூடியபிறகும் கேட்டது.

வரதன் மாலையோடு வந்திருந்தான். வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றான். மாலையை மாரிசெல்வியிடம் கொடுத்தனுப்பினான். சாவு வீட்டில்கூட அவனை உள்ளே வா என்று கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட காஞ்சனாவுக்கு வாய் இல்லை.

வெயில் ஏறியபிறகு மறைமலை நகரிலிருந்து நாத்தனார் உமாதேவி வந்தாள். கூடவே அவள் மகள் சுபஸ்ரீ. தெருமுனையிலேயே உமாவின் அழுகை கேட்டது. ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்து, "என்னைப் பெத்த அப்பா," என்று கதறினாள். கதறியவள் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். நெற்றியில் மஞ்சளாக மின்னியதைப் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது.

"இன்னா அண்ணி, அந்தக் காசையா வெச்சிட்ட?"

"அஞ்சு ரூபா உமா," என்றாள் காஞ்சனா.

"அஞ்சு ரூபாயேதானா? நல்லாப் பாத்துதான் சொல்றியா?"

"நான்தான்டி வெச்சேன், எங்கிட்ட கேளு," என்று சொர்ணம்மாள் அதட்டினாள். "அழுவ வந்தவ அழு. நகைக்கடையாடி இது?" உமா மறுபடி அழத் தொடங்கினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காஞ்சனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழவு வீட்டுக்கு வருகிற பெண்களை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்டு அழவேண்டும். அது முறை. பிடித்தவள், பிடிக்காதவள் என்று பார்ப்பதற்கில்லை. வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் கைபோட்டுத் தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். உமா, காஞ்சனா, இரண்டு பங்காளி வீட்டுப் பெண்கள் என்று வட்டம் கூடியது. ஓரமாக நின்ற சுபஸ்ரீயையும் யாரோ இழுத்து உள்ளே உட்காரவைத்தார்கள். பெரிய பெண்ணாகிக் காலேஜுக்குப் போகிறாள். இந்த மாதிரி அழுது அவளுக்குப் பழக்கமில்லை. அத்தை காஞ்சனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாத்தா தாத்தா என்று நிஜமாகவே தேம்பினாள்.

தலைகள் குனிந்த அந்த வட்டத்துக்குள் மூச்சுக்காற்று சூடாக இருந்தது. சுபஸ்ரீ முன்னால் சாய்ந்ததில் அவள் கழுத்துச் சங்கிலி வெளியே வந்து தொங்கியது. சங்கிலியில் ஒரு பவுன் காசு. அவள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீராக விமல்ராஜ் போட்டது. சீட்டு எடுத்து வாங்கினேன் என்று அவன் சொல்ல, காஞ்சனாவே தட்டில் வைத்து எடுத்துப்போனாள். அன்றையிலிருந்து ராஜா தலை வெளியே தெரியத்தான் அந்தப் பெண் அதை மாட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அது அவள் தேம்பலுக்கு ஆடியது. ஆடித் திரும்பியது. காஞ்சனாவின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் குதிரை.

அவள் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. தினமும் பார்த்துப் பழகிய கண் தானாக அந்த இடத்துக்குப் போனது. நடுவில். வருஷத்துக்கு மேல்.

இருந்தது. ஒற்றைக் குச்சி.

காசு மறுபடி திரும்பி ராஜாவாகிவிட்டது. காஞ்சனா கை நீட்டி அதைப் பிடித்தாள். திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வருடினாள். இருந்தது. சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழுகை மட்டும் நின்றுபோயிற்று.

வீட்டுப் பின்பக்கம் மோட்டார் போட்டு விமல்ராஜ் குளித்துக்கொண்டிருந்தான். பிணத்தைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் போகவேண்டும், கொள்ளி போடுகிறவன் ஈர வேட்டியோடு வரவேண்டும். காஞ்சனா போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"சுபஸ்ரீக்கு போட்ட காசு யாருது?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னா இப்ப வந்து..."

"யாருதுங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மாமன் சீருல ஒரு பவுனுன்னு உமா மாமியார் வூட்டுல பேசி வெச்சிட்டாங்க. அப்ப கம்பெனில ஆள் குறைச்சிகினு இருந்தாங்க, கையில ஒண்ணியும் இல்ல. வெறுங்கையோட போனா தங்கச்சிக்கு இன்னா மரியாத? நீ தூங்கறப்ப சாவிய எடுத்தேன். அடுத்த வருஷமே ஓ.டி. பாத்து வாங்கி வெச்சிட்டேன் காஞ்சனா. பவுனுக்கு பவுன். ஒரு குந்துமணி கொறயல."

"எழுத்து?"

"அவுருக்கு மறுபடி கண்ணு தெரியும்னு நான் கண்டனா?"

அவன் குரல் உடைந்தது. "சொல்லணும்னுதான் இருந்தேன். உன்ன கேட்டாரு, நீ தாங்கிக்கினே. என்ன அந்த மாதிரி ஒரு நாளு கேட்டிருந்தாருன்னா நான் நாண்டுகினு செத்திருப்பேன். அதான் நேத்து அவரே மன்னிச்சிட்டாரு இல்ல? அதோட வுட்று."

"யார மன்னிச்சாரு?"

காஞ்சனாவுக்கு அவன்மேல் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. நிலைப்படியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான் நேற்று? இத்தனை வருஷமாக ஒவ்வொரு காலையும் இப்படித்தானே சட்டையை மாட்டிக்கொண்டு போனான்? இவனோடுதான் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று நினைத்தாள்.

"வாய்க்கரிசி போடறப்ப அவரு காதுல சொல்லிடுங்க," என்றாள். "மெதுவா சொன்னா போதும். யாருக்கும் கேக்க வேணாம். எனக்கும் கேக்க வேணாம். அவரு தெரிஞ்சிகினு போவட்டும்."

விமல்ராஜ் தலையை ஆட்டினான்.

பிற்பகலில் பெட்டியிலிருந்து எடுத்து, வாசல் பந்தலில் கிடத்திக் குளிப்பாட்டி, புதுவேட்டி சுற்றினார்கள். வரதன் மரத்தடியிலேயே நின்றான். மேளக்காரர்கள் சற்று ஓய்ந்து டீ குடிக்கப் போயிருந்தார்கள். பங்காளி ஒருவர் அரிசித் தட்டோடு நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மகன் முதலில்.

விமல்ராஜ் சுற்றிவந்து தலைமாட்டில் மண்டியிட்டான். ஈர வேட்டியிலிருந்து நீர் சொட்டியது. கையைத் திருப்பி ஒரு பிடி அரிசி போட்டான். இரண்டாவது பிடி. மூன்றாவது பிடி போட்டுவிட்டுக் குனிந்தான். அவன் முகம் அப்பா முகத்துக்கு அருகில் போனது. காஞ்சனா அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. பாதி திறந்த அந்தக் கண் அவனைப் பார்த்தபடி இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டான். பார்த்தவர்கள் எல்லாம், பாவம், அப்பாமேல் அவ்வளவு பாசம் என்றார்கள்.

அடுத்து மருமகளைக் கூப்பிட்டார்கள். காஞ்சனா அரிசியை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். போட்டாள். எழுந்திருக்கவேண்டியவள் எழுந்திருக்கவில்லை.

"மாமா," என்றாள். காப்பி வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். சத்தமும் போடவில்லை, குசுகுசுக்கவும் இல்லை. "நேத்து எழுத்து கீதுன்னு சொன்னனே, அது பொய். இந்த வூட்டுல கீற காசுல எழுத்து இல்ல. உங்க காசு சுபஸ்ரீ கழுத்துல கீது. உங்க புள்ளதான் சீரு செஞ்சாரு. நடுவுலயே கீது எழுத்து, இப்ப பாத்தேன். நான் எடுக்கல மாமா. வரதனும் எடுக்கல. நீங்க என்ன மன்னிக்க வேணாம்."

டீக்கடைப் பக்கம் யாரோ இருமினார்கள். அரிசித் தட்டோடு நின்ற பங்காளி தட்டையே பார்த்தார். உமாவின் கை மகள் கழுத்துக்குப் போனது. காசைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் காசை அவளுக்கும் தெரியாதா என்ன? இத்தனை வருஷமாக அண்ணியைச் சந்தேகப்பட்டவள் தன் வீட்டுக் கழுத்தை ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. சங்கிலியைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத உமா," என்றாள் காஞ்சனா. "கொழந்தைக்கு குடுத்தது குடுத்ததுதான். போட்டுக்கட்டும்."

விமல்ராஜ் கொள்ளிச்சட்டியின் உறிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றான். சொர்ணம்மாள்தான் முதலில் அசைந்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனாள். "இன்னாப்பா வரதா, சம்பந்தி வூட்டு ஆளு தெருவுல நிக்கலாமா? வா. வந்து ஒரு தோள் குடு," என்றாள். மேளம் மறுபடி தொடங்கியது. தூக்கினார்கள். வரதன் பின்பக்கத்து இடது மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான்.

ஆண்கள் போனபிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பின்னறையில் அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்தார்கள். உமா மூலையில் சுருண்டு கிடந்தாள். ஒரு தடவை தலையைத் தூக்கி, "நான் திருப்பியே பாக்கல அண்ணி," என்றாள். காஞ்சனா "சரி" என்றாள்.

பொழுது சாய, "அக்கா, காட்டுக்குப் போனவுக எல்லாரும் வந்துட்டாவ," என்று மாரிசெல்வி வந்து சொன்னாள்.

வாசலில் ஒரு பக்கெட்டில் தண்ணீரும் மக்கும் வைத்திருந்தது. காலைக் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. காஞ்சனா போய் மக்கை எடுத்துக்கொண்டாள். பங்காளிகள் ஒவ்வொருவராகக் காலை நீட்ட, அவள் ஊற்றினாள். வரதன் வந்தான். அவன் தோளில் மூங்கில் அழுத்திச் சிவந்திருந்தது. தயங்கித் தயங்கி நின்றவனை, "காலக் காட்டுடா," என்று சொல்லி, முழங்கால் நனைய இரண்டு மக்கு ஊற்றினாள். அவன் படியேறி உள்ளே போனான்.

கடைசியாக விமல்ராஜ் நின்றான். மீசை மழித்த முகம் யாரோ போல் இருந்தது. வலது காலை முன்னால் வைத்தான். காஞ்சனா மக்கைப் பக்கெட்டுக்குள் போட்டாள். அது நீரில் மிதந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினாள். திரியைத் தூண்டிவிட்டாள். வாசலில் தண்ணீர் விழும் சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை.